தோணிமுறிச்சான் பாடு

பசியாவரம்
24 ஜூன் 2024

அன்புள்ள அத்தைக்கு,

என் பெயர் அர்ச்சனா. உங்கள் தம்பி சிங்காரத்தின் மகள். பழவேற்காட்டில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். சின்ன வயதில் நீங்கள் என்னைப் பார்த்திருக்கலாம், எனக்கு ஞாபகம் இல்லை. கடிதத்தை இப்படி ஆரம்பிப்பது சரியா என்று தெரியவில்லை. பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

போன வாரம் வேதியியல் வகுப்பில் கீதா மிஸ், "நம்ம ஏரிச் சேத்துல என்னென்ன உலோகம் இருக்குன்னு ஆராய்ச்சி பண்ண பேராசிரியர் பசியாவரத்துக்காரங்கதான், பேர் கலைவாணி" என்றார். எங்கள் வகுப்பில் பசியாவரத்துப் பெண் நான் ஒருத்திதான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கரும்பலகையைப் பார்த்தேன். வடக்கே வேலையில் இருக்கும் ஓர் அத்தை உண்டு என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் அம்மாவிடம் கேட்டேன். "உங்க நைனா எதிர்ல அந்தப் பேர எடுத்துடாத, தட்டு பறக்கும்" என்றார். நைனா தட்டையெல்லாம் எறிய மாட்டார். சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். எங்களுக்கு அதுதான் பயம்.

கீதா மிஸ் உங்கள் கட்டுரையை அச்சடித்துக் கொடுத்தார். அகராதியை வைத்துக்கொண்டு படிக்கிறேன். 'புவிவேதியியல்' என்ற சொல்லையே இப்போதுதான் கற்றுக்கொண்டேன். பாதிக்கு மேல் புரியவில்லை. வரைபடம் மட்டும் நன்றாகப் புரிந்தது. சேறு எடுத்த இடங்களுக்கு நீங்கள் எண் போடவில்லை, நம் ஊரார் வலை போடும் பாடுகளின் பெயரையே போட்டிருக்கிறீர்கள். ஆங்கில எழுத்தில் தோணிமுறிச்சான்! எங்கோ ஜப்பானில் ஒரு விஞ்ஞானி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதை எழுத்துக்கூட்டிப் படித்திருப்பார் என்று நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.

நீங்கள் எப்படி இந்தப் படிப்புக்குப் போனீர்கள்? ஏன் வீட்டுக்கு வருவதே இல்லை? வீட்டில் இருக்கும் ஒரே போன் நைனாவுடையது. அதனால் பதிலை கீதா மிஸ் பெயருக்குப் பள்ளி முகவரியில் எழுதுங்கள். அவரிடம் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
அர்ச்சனா

*

சாகர், மத்தியப் பிரதேசம்
15 ஜூலை 2024

அர்ச்சனாவுக்கு,

உன் கடிதம் துறை அலுவலகத்தில் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே கிடந்தது. அனுப்புநர் இடத்தில் பசியாவரம் என்று பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு ஊரிலிருந்து நல்ல செய்தி வந்து பழக்கமில்லை.

உன்னை நன்றாக நினைவிருக்கிறது. என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி நண்டுக் கூடையில் போட்டவள் நீ. எடுப்பதற்குள் உன் அப்பாவின் விரலை நண்டு கவ்விவிட்டது.

எப்படிப் போனேன் என்று கேட்டாய். சென்னையில் எம்.எஸ்ஸி. முடித்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது கூடப் படித்தவர்கள் எல்லோரும் மலையையும் பாறையையும் கேட்டார்கள். நான் எங்கள் ஏரிச் சேற்றைக் கேட்டேன். சேறு ஆண்டுக்காண்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகிறது. நீளக் குழாயை உள்ளே இறக்கி உருவினால் அடியில் பழைய காலம், மேலே நேற்று. விரல் கனத்துக்கு வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அமிலத்தில் கரைத்து, ஈயம் எவ்வளவு, செம்பு எவ்வளவு, காட்மியம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகளாக என் பிழைப்பு இதுதான்.

முதல் குழாயை 1989-இல் தோணிமுறிச்சானில் இறக்கினோம். படகு தள்ளியதும், மூச்சுப் பிடித்து மூழ்கிக் குழாயின் அடியை மூடியதும் உன் அப்பா. அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. மேலே வந்து மூக்கைச் சிந்திவிட்டு, "இன்னாக்கா இது, ஊரே சேத்துல கால கழுவிக்கினு மேல ஏறுது, நீ டவுன்ல போய் படிச்சிட்டு சேத்துக்கே எறங்கி வந்துகீற" என்றான். குழாயைப் படுக்க வைத்தால் அடுக்குகள் கலைந்துவிடும். பொன்னேரி வரை பேருந்தில் ஆளுக்கொரு பக்கமாக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றே போனோம். நடத்துநர், "பைப்புக்கும் டிக்கெட் எடு" என்றார். சிங்காரம், "அதுக்கு வயசு எரநூறுண்ணா, பெரியவங்களுக்கு ஒரு சீட்டு குடு" என்றான். பேருந்தே சிரித்தது. சேற்றிலிருந்து அழுகிய முட்டை வாடை வரும். சிரித்தவர்கள் எல்லாம் காட்டூர் வருவதற்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார்கள். எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. உட்கார முடியவில்லை, குழாய் இருந்ததே.

அதற்குப் பிறகு எத்தனையோ ஏரிகளுக்குப் போனேன். நல்ல கருவிகளும் மாணவர்களும் இருந்தார்கள். அப்படிச் சிரித்துக்கொண்டு ஒரு மாதிரியையும் எடுத்ததில்லை.

ஏன் வருவதில்லை என்பதை உன் அப்பாவிடம் கேள்.

அன்புடன்,
கலைவாணி

*

பசியாவரம்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அத்தைக்கு,

நைனாவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. அம்மாவை நச்சரித்துத் தெரிந்துகொண்டேன்.

2012-இல் உங்கள் கட்டுரை வந்ததும் ஒரு நாளிதழில் 'ஏரி இறாலில் விஷம்' என்று போட்டார்களாம். தோணிமுறிச்சான் என்ற பெயரும் அதில் இருந்ததாம். மறுநாள் ஏலத்தில் வியாபாரிகள், "இது எந்தப் பாட்டு இறா?" என்று கேட்டுவிட்டு நம் ஊர்க் கூடைகளைத் தொடாமல் போனார்களாம். இறாலைக் கருவாட்டுக்குப் போட்டும் விற்கவில்லையாம். அந்தப் பருவம் முழுக்க ஊர் நைனாவைத்தான் திட்டியதாம்.

வியாபாரிகள் பிறகு மறந்துவிட்டார்கள். ஊர் மறக்கவில்லை. ஏரியில் எந்தப் பாட்டில் யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டுத்தானே முறை வைப்பார்கள். தோணிமுறிச்சான் சீட்டு வந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். இந்தத் தடவை அது கண்ணப்பன் மாமாவுக்கு வந்தது. "எங்க அந்த புரொபசரு தம்பி? உங்க அக்கா பேப்பர்ல பேர் போட்ட பாடு, நீயே வெச்சிக்க" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினார். நைனா எழுந்து தன் சீட்டை அவரிடம் நீட்டிவிட்டு அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டார். படித்துறையில் நின்று நானே பார்த்தேன். ஒவ்வொரு சீட்டுக்கும் இப்படித்தானாம். அத்தை, நைனா பன்னிரண்டு வருடமாக வேறு எங்கும் வலை போட்டதில்லை.

எனக்கு ஒரு யோசனை. நீங்கள் வந்து அங்கே மறுபடியும் சேறு எடுத்துப் பார்க்கக் கூடாதா? சரியாகியிருந்தால் ஊருக்குச் சொல்லிவிடலாமே. நைனா சீட்டு மாற்ற வேண்டியதில்லை.

அர்ச்சனா

*

சாகர்
3 செப்டம்பர் 2024

அர்ச்சனா,

அவன் சீட்டு மாற்றிக்கொள்வது எனக்குத் தெரியாது. இதைப் படித்துவிட்டு அன்றைய வகுப்பை ரத்து செய்தேன்.

ஆனால் நீ ஒரு பக்கம்தான் கேட்டிருக்கிறாய். 1989-இலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்து நான் அளந்தது சேற்றை. இறாலைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரி கிடையாது. அளவுகள் சரியானவை, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பெயரைப் போட்டது ஆசையில். எங்கள் ஆட்கள் வைத்த பெயர்கள் அச்சில் வரட்டும் என்று பத்திரிகை ஆசிரியரோடு சண்டை போட்டு வாங்கினேன்.

செய்தி வந்த அன்றிலிருந்து உன் அப்பாவுக்கு எத்தனையோ முறை போன் செய்தேன். எடுக்கவே இல்லை. இரண்டு வருடம் கழித்து எங்கள் அம்மா இறந்தபோது எனக்குத் தகவல் சொன்னது பொன்னேரியில் இருந்த என் பள்ளித் தோழி. நான் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் அவன் நின்றான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அடுத்த படகிலேயே திரும்பிவிட்டேன்.

சேறு எடுக்கப் படகு வேண்டும், ஊரின் அனுமதி வேண்டும். நான் யாரையும் கேட்க மாட்டேன். இன்னொன்றும் யோசித்துக்கொள். சரியாகியிருந்தால் என்கிறாய். மோசமாகியிருந்தால்? சேறு யார் ஆசைப்படிக்கும் பதில் சொல்லாது.

வரும் ஜூன் மாதம் ஓய்வு பெறுகிறேன். அந்த இடத்தில் கடைசியாக ஒரு குழாய் இறக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை உண்டு. எழுதிவிட்டேன், போகட்டும்.

கலைவாணி

*

பசியாவரம்
14 அக்டோபர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

மாட்டிக்கொண்டேன். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த நைனாவிடம் கீதா மிஸ், "உங்க அக்கா எவ்ளோ அழகா எழுதுறாங்க!" என்று சொல்லிவிட்டார். மிஸ் மேல் தவறில்லை, வீட்டில் தெரியாது என்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

படகில் ஊருக்குத் திரும்பினோம். கரையேறியதும் நைனா கையை நீட்டினார். உங்கள் கடிதங்களைக் கொடுத்தேன். வலைக் குவியல்மேல் உட்கார்ந்து படித்தார். பேருந்துக் கதை வந்த பக்கத்தில் அவர் வாய் கொஞ்சம் கோணியது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த கடிதத்தில் பாட்டி இறந்த கதையை இரண்டு முறை படித்தார், கடைசிவரை முடித்ததும் மடித்துக் கொடுத்துவிட்டார்.

இரவு சாப்பிடும்போது அம்மா, "இன்னாதான் முடிவு?" என்றார்.

"வந்தா வரட்டும். படகு சும்மாதான கெடக்குது."

"பேசுவியா?"

"சேறு எடுக்க இன்னாத்துக்குப் பேச்சு?"

மறுநாள் ஊர்த் தலைவர் உலகநாதன் தாத்தாவிடம் போய் அனுமதியும் கேட்டார். அத்தை, நீங்கள் யாரையும் கேட்கவில்லை, சரிதானே? பொங்கல் விடுமுறைக்கு வாருங்கள். மோசமாகியிருந்தால் என்ன செய்வது என்று தினமும் யோசிக்கிறேன். ஆனாலும் வாருங்கள்.

அர்ச்சனா

*

சாகர்
24 பிப்ரவரி 2025

அன்புள்ள அர்ச்சனா,

நீயும் படகில் இருந்தாய், அதனால் நடந்ததைத் திருப்பி எழுத வேண்டியதில்லை. ஆனால் நீ கவனித்தாயோ தெரியாது. மூன்று மணி நேரத்தில் உன் அப்பா என்னிடம் பேசியது "புடி", "வுடு", "நேரா நில்லு". அவ்வளவுதான். 1989-இலும் அந்த வேலையை அப்படித்தான் செய்தோம், நடுவில் கேலி மட்டும் இருந்தது. ஐம்பத்து நாலு வயதில் அவன் மூழ்கியபோது எனக்குத்தான் மூச்சு முட்டியது. கூட வந்திருந்த என் மாணவன் தான் மூழ்குவதாகச் சொன்னான். சிங்காரம் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குதித்துவிட்டான்.

முடிவு வந்துவிட்டது. உனக்குப் புரியும்படி சொல்கிறேன். மேல் அடுக்குகளில் ஈயம் நன்றாகக் குறைந்திருக்கிறது. காட்மியம் முன்னைவிடக் கூடியிருக்கிறது. இந்தத் தடவை அங்கே பிடித்த இறாலையும் சோதித்தேன். சதையில் எல்லாம் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது. இன்றைக்குச் சாப்பிடலாம். சேற்றில் காட்மியம் இப்படியே ஏறிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது.

நீ ஆசைப்பட்ட பதில் இல்லை, தெரியும்.

கட்டுரை எழுதி முடித்துவிட்டேன். என் வாழ்நாளில் முதல்முறையாக இடத்தின் பெயரை எடுத்துவிட்டு 'எஸ்-1' என்று போட்டேன். போட்டுவிட்டு இரண்டு வாரமாக அனுப்பாமல் வைத்திருக்கிறேன். பெயரா எண்ணா என்று உன் அப்பாவிடம் கேட்டு எழுது. எழுதவே வேண்டாம் என்று அவன் சொன்னால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அதையும் கேட்டுவிடு.

அத்தை

*

பசியாவரம்
9 மார்ச் 2025

அன்புள்ள அத்தைக்கு,

கடிதத்தை நைனாவுக்கு வாசித்துக் காட்டினேன். காட்மியம் வந்த இடத்தில் மட்டும் மெதுவாக வாசித்தேன். வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவர் ஊசியை நிறுத்தவில்லை. முடித்ததும் கேட்டேன், "பேரா, நம்பரா நைனா?"

"இன்னாவோ போட்டுக்கட்டும். பேராலயா எனக்குக் கோவம்?"

"பின்ன?"

அப்போதுதான் ஊசியைக் கீழே வைத்தார். "அந்த வருசம் டீக்கடைல குந்தினுகீறேன். எவனோ பேப்பர் படிக்கிறான். எங்க அக்கா எங்க ஏரியப் பத்தி இன்னா கண்டுபுடிச்சுதுன்னு டீக்கடைல எவனோ படிச்சு எனக்குத் தெரியணுமா? பைப்பு புடிச்சவன் நானு. மொதல்ல எனக்குச் சொல்ல வேணாமா? ஊர்ல வந்து, இதான்டா சங்கதின்னு வாயால ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எவன்கிட்டயும் பதில் சொல்லியிருப்பேன். போன்ல சொன்னா ஆச்சா?"

எழுதவே வேண்டாமா என்றும் கேட்டேன். "சேறு இன்னா சொல்லுதோ அத்த எழுதட்டும். ஆனா இந்த வாட்டி மொதல்ல ஊர்க்கூட்டத்துல வந்து சொல்லட்டும். அப்பால ஜப்பானுக்கு அனுப்பட்டும்."

நம் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உட்கார்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நைனா உலகநாதன் தாத்தா வீட்டுக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். தாத்தா, "பொம்பளைய கூட்டத்துல நிக்க வெச்சுப் பேச வுட்டது இல்லியேபா. நீ எழுதி வாங்கியாந்து படிச்சிக் காமி" என்றார். "எனக்குக் காட்மியம் தெரியாது. எவனாவது கேள்வி கேட்டா நான் இன்னாத்த சொல்றது? அது படிச்சிகீது, அதுதான் சொல்லணும்" என்றார் நைனா. தாத்தா மூன்று பேரைக் கலந்து பேசிவிட்டுச் சரி என்றார். கடைசியில் நானும் வாய்விட்டு, "அப்ப மத்த பொம்பளைங்களும் வந்து கேக்கலாமா தாத்தா? மீன் விக்கிறது அவங்கதான்" என்றேன். "உங்க அத்த மாதிரியே வாயி" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

சித்திரை முதல் வாரத்தில் கூட்டம். வருவீர்களா?

அர்ச்சனா

*

சாகர்
28 ஏப்ரல் 2025

அன்புள்ள அர்ச்சனா,

வந்து சேர்ந்தேன். உன் அம்மா கட்டிக்கொடுத்த இறால் தொக்கு போபால் வரைக்கும்கூட வரவில்லை.

எத்தனையோ மாநாடுகளில் பேசியிருக்கிறேன். கோவில் முன்னால் எல்லோரும் வந்து உட்கார்ந்தபோது கண்ணாடியை மூன்று முறை துடைத்துக்கொண்டேன், பார்த்தாயா? காட்மியத்தை எப்படிச் சொல்வது என்று ரயிலில் இரண்டு நாள் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. அப்புறம் உன் அப்பா எழுந்து, "எங்க அக்கா பேசும்" என்றான். அக்கா என்று அவன் சொல்லிக் கேட்டுப் பன்னிரண்டு வருடம். அதற்கு மேல் என்ன பேசினேன் என்று எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது.

கண்ணப்பன் கேட்டது நினைவிருக்கிறது. "அதெல்லாம் இருக்கட்டும்கா, இறா துன்னலாமா கூடாதா?" நான் என்னையறியாமல், "துன்னலாம், நேத்து ராத்திரி நானே துன்னேன்" என்றேன். கூட்டம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "நாளைக்கு?" என்றாள். நாளைக்கு எனக்குத் தெரியாது, வருஷா வருஷம் பார்த்தால்தான் தெரியும் என்றேன். எவ்வளவு கசப்பான பதிலைச் சொன்னேன்! ஆனாலும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். என் கட்டுரைகளை யாரும் இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

கட்டுரையை நேற்று அனுப்பிவிட்டேன். தோணிமுறிச்சான் என்றே போட்டிருக்கிறேன்.

அத்தை

*

பசியாவரம்
19 மே 2025

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று முன்தினம் பாட்டுச் சீட்டு போட்டார்கள். உடனே உங்களுக்கு எழுத வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் நைனா வலை போட்டுவிட்டு வரட்டும் என்று காத்திருந்தேன்.

தோணிமுறிச்சான் மறுபடியும் கண்ணப்பன் மாமாவுக்கே வந்தது. எல்லோரும் நைனாவைத்தான் பார்த்தார்கள். நைனாவும் பழக்கத்தில் எழுந்து தன் சீட்டை நீட்டிவிட்டார். கண்ணப்பன் மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இன்னா மச்சான், எப்பப் பாத்தாலும் என் சீட்டையே புடுங்கிக்கிற? குந்து. எனக்கு வந்தது எனக்கு."

"ஏலத்துல எவனாவது கேட்டா?"

"கேக்கட்டுமே. அக்கா சொன்னத அப்பிடியே சொல்றேன். எனக்கு மட்டும் காது இல்லியா?"

நைனா உட்கார்ந்தார். கையில் இருந்த சீட்டை அப்போதுதான் பிரித்துப் பார்த்தார். குருவித்திட்டு. பன்னிரண்டு வருடம் போகாத பாடு. அங்கே இப்போது ஆழம் எப்படி, வலையை எந்தப் பக்கம் இறக்குவது என்று சின்னப் பையன்களிடம் கேட்டுக்கொண்டு திரிந்தார். அவர்கள் கேலி செய்தார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது போலத் தெரிந்தது.

இன்று காலை திரும்பி வந்தார். கூடையில் பத்துப் பன்னிரண்டு இறால், ஒரு குட்டி நண்டு. கண்ணப்பன் மாமா ரெண்டு கூடை நிறைய இறக்கிக்கொண்டிருந்தார். நைனா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வீட்டுக்கு வரும் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார்.

அம்மாவுக்குக் கோபம். "இன்னா சிரிப்பு வேண்டிக்கெடக்குது? கொழம்புக்குக்கூடத் தேறாது."

நைனா காலைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்து, "உங்க அத்தைக்கு லெட்டர் போடுவ இல்ல? குருவித்திட்டுல ஒண்ணுமே அம்புடலன்னு எழுது. அந்தச் சேத்துல இன்னாதான் கீதுன்னு வந்து பாக்கச் சொல்லு. ஜூன் மாசத்தோட அதுக்கு வேல வெட்டி இல்லல்ல?" என்றார்.

அப்படியே எழுதிவிட்டேன் அத்தை. ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

அர்ச்சனா